மலைவேம்புத் தோட்டத்துக்கு வளர்ச்சி வரைபடம் போட்டால் வட்ட வட்டமாக வருகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். துறையூர் பக்கம் இரண்டு ஏக்கரில் 10க்கு 10 அடியில் மலைவேம்பு, ஊடுபயிராக உளுந்து. நட்டு மூன்று வருடம் ஆகிறது. கிணற்றுப் பக்கம் மரங்கள் 50 செ.மீ. சுற்றளவு வந்துவிட்டன, கீழ்க்கோடியில் 30ஐத் தாண்டவில்லை. 200 மரங்களை அளந்து, கைபேசி ஜிபிஎஸ்ஸில் இடம் குறித்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஐடிடபிள்யூ (பக்கத்துப் புள்ளிக்குக் கூடுதல் எடை கொடுத்து இடைப்பட்ட இடத்தைக் கணிக்கும் முறை) போட்டேன். படம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி வட்டங்கள். இரண்டு மரம் வரப்புக்கு வெளியே நிற்கிறது! எங்கே தப்பு?

பதில் 1:
தம்பி, மரத்துக்கு மரம் 3 மீட்டர். கைபேசி ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும், இலைக்கு அடியில் இன்னும் மோசம். அடுத்த மரத்தின் அளவை இந்த மரத்தின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். ஜிபிஎஸ்ஸை விட்டுவிடுங்கள். வரிசை எண், மர எண் எழுதினாலே போதும், ஒவ்வொன்றையும் 3.05ஆல் பெருக்கினால் மீட்டரில் இடம் கிடைத்துவிடும்.

பதில் 2:
அவர் சொன்னது சரி. ஆனால் வட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐடிடபிள்யூ அளந்த புள்ளியின் மதிப்பை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு மரம் சவலையாக இருந்தால் அதைச் சுற்றி வட்டம் விழும். உங்களுடையது விதைக்கன்றா, குளோனா (ஒரே தாய்மரத்தின் நகலாக வளர்த்த கன்றா)? விதைக்கன்று என்றால் பக்கத்துப் பக்கத்து மரமே ரகத்துக்கு ஒன்றாக வளரும், அது மண்ணின் குற்றமில்லை. முதலில் வேரியோகிராம் போடுங்கள், அதாவது மரங்களுக்கு இடையே தூரம் கூடும்போது அளவு வித்தியாசம் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோட்டுப்படம். கிட்டத்து மரங்களும் தூரத்து மரங்களும் ஒரே அளவு வித்தியாசம் காட்டினால் வரைபடம் போடுவதே வீண். தூரம் கூடக்கூட வித்தியாசமும் ஏறினால், அந்த ஏற்றத்தை வைத்தே இடைப்பட்ட இடத்தைக் கணிக்கும் கிரிகிங் முறையைப் போடலாம். வரப்போர மரங்களைச் சேர்க்காதீர்கள், அவற்றுக்கு வெயில் கூடுதல். செத்த கன்றுக்குப் பதிலாகப் பிறகு நட்டவற்றையும் தள்ளிவிடுங்கள். அப்புறம், எந்த உயரத்தில் அளந்தீர்கள்?

கேள்வி கேட்டவர்:
விதைக்கன்றுதான் ஐயா. கைக்கு வந்த உயரத்தில் அளந்துவிட்டேன்.

பதில் 2:
அப்படியானால் எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும். 1.37 மீட்டரில் குச்சி வெட்டி வைத்துக்கொண்டு, அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கோட்டில் டேப் சுற்றினால்தான் உண்மையான வளர்ச்சி தெரியும். இப்போது உங்களிடம் இருப்பது பருமன் மட்டுமே.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
திரும்ப அளந்தேன். வேரியோகிராம் சுமார் 40 மீட்டர் வரை ஏறி நிற்கிறது. கிரிகிங்கில் வட்டங்கள் போய், தென்மேற்கு மூலையிலிருந்து குறுக்காக, வளர்ச்சி குறைந்த ஒரு பட்டை தெரிகிறது. சொட்டுநீர்க் குழாய்க் கடைசியில் தண்ணீர் போதவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். குழாய் கிழக்கு மேற்காக ஓடுகிறது, பட்டை அதை வெட்டிக்கொண்டு போகிறது. பட்டைக்குள் மூன்று இடத்தில் கடப்பாரை போட்டுப் பார்த்தேன். ஒன்றரை அடியில் 'ணங்' என்றது. முனையில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் (சுண்ணாம்புக் கல்). பட்டைக்கு வெளியே நான்கடி வரை செம்மண்தான். பெயின்ட் கோடு போட்டாயிற்று, தை மாதம் அடுத்த அளவு எடுத்துவிட்டுப் போடுகிறேன்.