அரபு மொழியைப் பல்கலைக்கழகத்தில் அலிஃபிலிருந்து கற்பது: தமிழ்வழி மாணவிக்கு வழிகாட்டுதல் வேண்டும்

பொருநை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தென்காசி மாவட்டத்தில் தமிழ்வழியில் படித்த நான், இப்போது டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இளங்கலை அரபு மொழி பயில்கிறேன். சேரும்போது அரபு எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. பாடம் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்கியது என்றாலும், உடன் பயில்வோரில் பலர் மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் அரபு படித்தவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு உருது எழுத்துப் பழக்கம் உண்டு.

28 எழுத்துகளையும், சொல்லின் முதலிலும் இடையிலும் கடைசியிலும் அவை எடுக்கும் வடிவங்களையும் எப்படியோ பழகிவிட்டேன். இப்போது பாடநூலில் உயிர்க்குறிகளை நீக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மெய்களை மட்டும் பார்த்து அந்தச் சொல் என்னவென்று ஊகிக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே தமிழில் உச்சரிப்பை எழுதிவைத்துக்கொண்டுதான் வகுப்பில் வாசிக்கிறேன். இலக்கண விளக்கமோ ஆங்கிலத்தில் நடக்கிறது. சில நேரம் இந்தியிலும் நடக்கிறது. இவ்வளவு பாடுபட்டுக் கற்கும் நூல்நடை அரபியை எந்த நாட்டிலும் வீட்டில் பேசுவதில்லை என்றும் சொல்கிறார்கள். வேறு மொழிக்கு மாறிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். இதே வழியில் வந்தவர்கள் ஆலோசனை சொன்னால் உதவியாக இருக்கும்.

நன்னூல் பிரியன் எழுதியது:

மாற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் ஒன்றும் தெரியாதவராக அந்த வகுப்பில் உட்காரவில்லை. உங்களிடம் இருப்பதை ஆங்கில விளக்கம் மறைத்துவிடுகிறது. அரபு இலக்கணத்தை ஆங்கிலத்தின் வழியே பார்த்தால் விசித்திரமாகத் தோன்றும் பல செய்திகள், தமிழின் வழியே பார்த்தால் பழகியவையாக இருக்கும்.

'ஹாதா கிதாபுன்' என்றால் 'இது புத்தகம்'. இடையில் வினைச்சொல் எதுவும் இல்லை. ஆங்கிலம் வழியாகக் கற்பவர் அந்த இடத்தில் ஒரு வினையைத் தேடித் தவிப்பார். பெயரே பயனிலையாக நிற்கும் வாக்கியத்தை நாம் நாள்தோறும் பேசுகிறோம். 'கதப' என்றால் 'எழுதினான்', 'கதபத்' என்றால் 'எழுதினாள்'. எழுவாய் இல்லாமலே வினைமுற்று ஆளையும் பாலையும் காட்டிவிடுகிறது. புத்தகம் ஒன்றாக இருந்தால் 'கிதாபுன் ஜதீதுன்'. பலவானால் 'குதுபுன் ஜதீததுன்'. மனிதர் அல்லாதவற்றின் பன்மைக்குப் பெண்பால் ஒருமை அடையைச் சேர்க்கும் இந்த விதி பலரைக் குழப்பும். உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, அஃறிணைப் பன்மை தனி வழியில் போகிறது என்ற அளவில் அது அடங்கிவிடும். பேச்சுத் தமிழில் 'மாடுகள் வந்தது' என்று ஒருமை வினையோடு முடிப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கின்றன. 'கதப' எழுதினான், 'காதப' ஒருவரோடு கடிதத் தொடர்பு கொண்டான். 'தரஸ' படித்தான், 'தர்ரஸ' படிப்பித்தான். ஓடினான் என்பது ஓட்டினான் என்றாகும்போது தன்வினை பிறவினையாவதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அரபியில் இரட்டிப்பது வேர்ச்சொல்லின் நடு மெய்; பொருள் நகரும் திசை பெரும்பாலும் இதுவே. எனவே வகுப்பில் கேட்ட ஒவ்வொரு விதியையும் அன்றைக்கே தமிழ் எடுத்துக்காட்டோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டை மட்டும் குறிக்கும் இருமை எண் தமிழில் இல்லாதது. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

காயல் வாசகன் எழுதியது:

மேலே அன்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எழுத்து விஷயத்தில் மட்டும் தமிழை அருகில் விடாதீர்கள், தங்கையே. சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதும் பழக்கத்தை இந்த வாரமே நிறுத்துங்கள். 'த' என்ற ஒரே எழுத்தை மெல்லிய தாவுக்கும், அழுத்தமான தாவுக்கும், தாலுக்கும், நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்து ஒலிக்கும் இன்னோர் எழுத்துக்கும் சேர்த்தே நீங்கள் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஸீனும் ஸாதும் ஒன்றாகிவிடும். தொண்டையிலிருந்து எழும் ஐனுக்கும் ஹாவுக்கும் தமிழில் இடமே இல்லை. இப்படிப் படித்தால் சொல்லின் வேர் கண்ணுக்குப் படாமலே போகும். நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதிய அர்வியில்கூட, தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகள் போதாமல் புதிய வடிவங்களைச் சேர்த்தார்கள். ஒரு மொழியின் ஒலி இன்னொன்றின் எழுத்தில் அப்படியே அமர்வதில்லை.

மதரஸாவிலிருந்து வந்தவர்களைக் கண்டு மலைக்கவும் வேண்டாம். சிறு வயதிலிருந்து குர்ஆன் ஓதிய எங்களில் பலருக்கு உச்சரிப்பு திருத்தமாக இருக்கும், உயிர்க்குறி இட்ட வரிகளைத் தடையின்றி வாசிப்போம். ஆனால் அதே எழுத்தில் வந்த இன்றைய செய்தித்தாளைக் கொடுத்தால் பொருள் சொல்லத் திணறுவோம். இலக்கணம் முறையாகப் படித்தவர்களின் நிலை வேறுதான். அவர்களில் ஒருவரோடு சேர்ந்து படியுங்கள். அவர் உங்கள் ஐனைத் திருத்தட்டும்.

துணைநூல் வேண்டுமென்றால், வாணியம்பாடியில் பிறந்து மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த வி. அப்துர் ரஹீம் அவர்கள், அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக எழுதிய மூன்று பாகப் பாடநூலைப் பாருங்கள். கலைச்சொற்களை முன்னால் குவிக்காமல், 'ஹாதா பைத்துன்', அதாவது 'இது வீடு' என்பதுபோன்ற சிறு வாக்கியங்களிலிருந்தே இலக்கணத்தைப் படிப்படியாக விரித்துக்கொண்டு போகும் நூல் அது.

சொல்பெயர்ப்பாளன் எழுதியது:

தமிழோடு ஒப்பிடுவது முதலாண்டில் தைரியம் தரும். ஆனால் உயிர்க்குறி இல்லாமல் வாசிக்க அது போதாது என்பது, அரபு ஆவணங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட என் கருத்து. அதற்கு வேரையும் அச்சையும், அதாவது வேர் மெய்களோடு உயிர்களும் பிற எழுத்துகளும் சேரும் வார்ப்பையும், பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைப்பவை. க-த-ப என்ற வேர் தெரிந்தவருக்குக் காதிப் எழுதுபவர், மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம் என்பவை தனித்தனிச் சொற்களாக இரா. அச்சுகளை மனத்தில் பதித்துவிட்டால், குறி இல்லாத சொல்லிலும் எந்த உயிர் எங்கே வரும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மிச்சத்தை வாக்கியத்தின் பொருள் தீர்த்துவைக்கும். எனவே சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்யாமல் வேர்வாரியாக எழுதிப் படியுங்கள்.

ஊரில் நாம் புழங்கும் வருவாய்த்துறைச் சொற்களே இதற்கு நல்ல பயிற்சி. பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த அரபுச் சொற்கள் அவற்றில் நிறைய உண்டு. மகசூலும் தாசில்தாரில் உள்ள தாசிலும் ஒரே வேரின் இரு அச்சுகள். வசூல் வேறு வேர். வ-ஸ-ல என்ற அந்த வேருக்கு வந்துசேர்தல் என்று பொருள்.

ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்ற ஜெர்மானிய அறிஞர் தொகுத்த அரபு அகராதியைப் பயன்படுத்த இப்போதே பழகுங்கள். 1952இல் ஜெர்மனிலும் 1961இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அந்த அகராதி வேர்களின் வரிசையில் அமைந்தது. மக்தபாவை மீம் என்ற எழுத்தில் தேடினால் கிடைக்காது. 'யஸிலு', அதாவது 'வந்துசேர்கிறான்' என்ற வினையில் வேரின் முதல் மெய்யான வாவ் மறைந்தே போயிருக்கும். இருந்தும் வ-ஸ-லவில்தான் தேட வேண்டும். தொடக்கத்தில் ஒரு சொல்லுக்கே நெடுநேரம் பிடிக்கலாம். அந்தத் தேடலே இலக்கணப் பயிற்சி என்பதால், கைப்பேசிச் செயலியிடம் உடனடியாகப் பொருள் கேட்பதைத் தள்ளிப்போடுங்கள்.

பொருநை மாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. 'தர்ரஸ' எடுத்துக்காட்டைப் படித்த பிறகு வினை அச்சுகளின் அட்டவணையை முதல்முறையாக அச்சமின்றித் திறந்தேன். தமிழ் உச்சரிப்புக் குறிப்புகளையும் விட்டுவிடுகிறேன். பேச்சு வழக்கு பற்றிய என் ஐயம் மட்டும் நிற்கிறது. நூல்நடையோடு ஒரு நாட்டுப் பேச்சையும் சேர்த்துக் கற்க வேண்டுமா? வேண்டுமென்றால் எந்த நாட்டுப் பேச்சு?

சொல்பெயர்ப்பாளன் எழுதியது:

மேடையில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ் என்று வாழும் நமக்கு இந்த இரட்டை வழக்கு புதிதன்று. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கை விளக்கி எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு மொழிச் சூழல்களில் அரபும் ஒன்று. நூல்நடையை வீட்டில் பேசுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் செய்தி, சட்டம், கல்வி, இலக்கியம் அனைத்தும் அதில்தான் நடக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபை 1973இல் அலுவல் மொழிகளில் ஒன்றாக ஏற்றதும் அரபியின் அந்த வடிவத்தையே.

முதலாண்டில் நூல்நடை ஒன்றே போதும். இரண்டாம் ஆண்டில் ஒரு பேச்சு வழக்கைத் தொடங்குங்கள். மொழிபெயர்ப்பிலும் ஆய்விலும் நாட்டம் இருந்தால், திரைப்படங்களால் அரபு நாடுகளெங்கும் பழக்கமான எகிப்தியப் பேச்சு ஏற்றது. வளைகுடாவில் வேலை பார்க்கவோ, சென்னை மருத்துவமனைகளுக்கு வரும் ஓமான் நோயாளிகளுக்கு உரைபெயர்க்கவோ எண்ணினால் வளைகுடாப் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம்.