சௌகார் ஜானகி: பிழைப்புக்கு வந்தவரா, ஆசைப்பட்டு வந்தவரா?

டெண்ட்கொட்டாய்:
சௌகார் ஜானகியின் எந்தப் பேட்டியைப் பார்த்தாலும் ஒரு விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுவார். குடும்பக் கஷ்டம், கையில் குழந்தை, சம்பாதித்தே ஆகவேண்டும், அதனால்தான் நடிக்க வந்தேன் என்று. 1950-ல் என்.டி.ராமாராவுக்கு ஜோடியாக 'ஷாவுகாரு' என்ற தெலுங்குப் படம் வந்தபோதே கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தாயிற்று. "சினிமாதான் என் மூச்சு" என்று ஒப்பிக்கிற கூட்டத்தில் இப்படி ஒருவர். வெறும் பிழைப்புக்கு வந்தவர்தான், அதைச் சொல்லும் தைரியத்துக்கே ஒரு கும்பிடு.

மதுரைக்காரி:
தைரியத்தை யாரும் மறுக்கலை. அந்த "வெறும்"தான் இடிக்குது. அதே பேட்டிகள்ல அதுக்கு முந்தின கதையும் சொல்றாங்களே! ரேடியோ நாடகத்துல குரலைக் கேட்டு டைரக்டர் பி.என்.ரெட்டி நடிக்கக் கூப்பிட்டார். வீட்ல ரகளையாகி அவசர அவசரமா கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க. அப்புறம் கஷ்டம் வந்தப்ப அவங்க தேடிப் போனது யாரை? அதே ரெட்டியைத்தான். டைப் அடிக்கிற வேலைக்கு மனு போடலை.

டெண்ட்கொட்டாய்:
கஷ்டத்தில் தெரிந்தவரைத் தேடிப் போவதுதானே வழக்கம். அதில் ஆசை எங்கே வந்தது?

இடைவேளை முறுக்கு:
நடிப்பைப் பத்தியும் கொஞ்சம் பேசுங்கப்பா. 1961-ல 'பாலும் பழமும்'ல அழுதவங்க, மூணே வருஷத்துல 'புதிய பறவை'யில மேடையேறி 'பார்த்த ஞாபகம் இல்லையோ'ன்னு நிக்கிறாங்க. அந்தப் பார்வையில துளி அழுகை இருக்கா? 'எதிர்நீச்சல்' பட்டு மாமி இன்னும் ஒரு படி மேல. பிறந்தது ராஜமுந்திரி, ஆனா 'அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா'ன்னு புடவைக்கு அவங்க புருஷனைப் படுத்துறதைப் பார்த்தா திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம்தான்! சம்பளத்துக்கு மட்டும் வேலை பார்க்கிறவங்களுக்கு இது வராது.

மதுரைக்காரி:
அப்படிப் போடுங்க. 1970-ல 'காவியத் தலைவி'யைச் சொந்தமா எடுத்து, அம்மா, மகள் ரெண்டு வேஷமும் தானே கட்டினாங்க. பிழைப்புக்குன்னா சம்பளத்தை பேங்க்ல போட்டுட்டு சும்மா இருந்திருக்கலாமே?

டெண்ட்கொட்டாய்:
38 வயதில் அந்த மாதிரி வேஷத்தை வேறு எந்தத் தயாரிப்பாளர் கொடுப்பார்? மார்க்கெட்டைத் தக்கவைக்கப் போட்ட முதலீடு. அதுவும் பிழைப்புதான்.

மதுரைக்காரி:
வேஷம் வேணும்னு சொந்தக் காசைப் போடுறதுக்கு எங்க ஊர்ல பேரு ஆசை. எம்.ஜி.ஆர். சின்னப் பிள்ளையா நாடகக் கம்பெனியில சேர்ந்ததும் வறுமையிலதான். அவரைப் "பிழைப்புக்கு வந்தவர்"னு எந்தத் தொகுப்பாளராவது அறிமுகம் பண்ணுவாரா? பொம்பளைன்னா மட்டும் உடனே "பாவம், வேற வழியில்லாம வந்தாங்க". டிவியில கேமரா கண்ணுக்கு க்ளோஸப் போய், பின்னாடி சோகமா வீணையும் வாசிச்சுடுவாங்க.

டெண்ட்கொட்டாய்:
வீணை விஷயத்தில் உங்கள் கட்சி. ஆனால் எம்.ஜி.ஆரும் பட்டினியை மறைக்கவில்லையே, மேடையிலேயே சொன்னவர்தான். நான் பாவம் என்று சொல்லவே இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே விடுங்கள், அதற்கு மேல் நாம் பொழிப்புரை எழுதவேண்டாம் என்கிறேன்.

இடைவேளை முறுக்கு:
2020-ல 'பிஸ்கோத்' படத்துல சந்தானத்தோட நடிச்சாங்க. 88 வயசு! அப்பவும் குடும்பக் கஷ்டமா சார்?

டெண்ட்கொட்டாய்:
பதினெட்டு வயதில் ஏன் வந்தார் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் எண்பத்தெட்டைச் சாட்சிக்குக் கூட்டி வருகிறீர்கள். தள்ளுபடி.