சலாமிப் பலகை அடுக்கிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஏலக்காட்டுக்காரி, குமுளி:

வீட்டிலேயே ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கொச்சியிலிருந்து வருகிற இளவட்டங்கள் இருட்டினதும் "போர்டு இருக்கா சேச்சி?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சலாமி (பதப்படுத்திய கொத்துக்கறி உருளையிலிருந்து மெல்லிசாகச் சீவிய வட்டத் துண்டு), ஹாம் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி), சீஸ், பழம், பிஸ்கட் எல்லாம் ஒரே மரப்பலகையில் வேண்டும்.

ஒரு தடவை தங்க வந்த இத்தாலிக்கார அம்மா, நான் அடுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டார். அவருக்குத் தமிழும் வராது, எனக்கு இத்தாலியும் வராது. எல்லாம் கைஜாடைதான்.

முதலில் தேன் கிண்ணத்தையும் ஊறுகாய்க் கிண்ணத்தையும் பலகையில் எட்ட எட்ட வைத்தார். அதற்குப் பிறகு சீஸ். இறைச்சி அதற்கும் பிறகுதான். சலாமித் துண்டை இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்து, மடிப்பு கீழே போகும்படி ஒன்றோடொன்று நெருக்கிச் செருகினார். விளிம்புகள் மேலே கொசுவம் வைத்த மாதிரி நின்றன. ஹாமை அவர் படுக்கவே விடவில்லை. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி, தானாக மடிந்து விழ விட்டார். தட்டையாகப் போட்டால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது கிழியும். கண்ணாடித் தம்ளரின் வாயில் சலாமியை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றிக் கவிழ்த்தால் ரோஜா மாதிரி வரும். அதில் ஒன்றே ஒன்றுதான் வைத்தார். நாலு வைத்திருந்தால் கல்யாண ஸ்டேஜ் ஆகியிருக்கும்.

மிச்ச இடத்தை நான் நிரப்பினேன். கம்பம் பன்னீர் திராட்சையை (2023இல் புவிசார் குறியீடு வாங்கியது) கத்தரிக்கோலால் சின்னச் சின்னக் கொத்தாக நறுக்கி வைத்தேன். உப்பு ஹாமுக்குப் பக்கத்தில் மறையூர் வெல்லத்தை உடைத்துப் போட்டேன். அந்த அம்மா ஹாமையும் வெல்லத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் வெல்லம் வை என்று கைகாட்டினார்!

ஒன்று சொல்லணும். எங்கள் ஊர் ஈரக் காற்றில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சலாமி மேல் உடனே தண்ணீர் முத்து முத்தாகப் பூத்துவிடும். அதனால் அடுக்கின பலகையை மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றியே வெளியே வைப்பேன். ஈரம் ஃபிலிமோடு போய்விடும். பரிமாறும்போதுதான் அதை உரிப்பது, பிஸ்கட்டையும் அப்போதுதான் வைப்பது.

கம்பம்மெட்டு ராசா:

அக்கா, எங்கள் வீட்டில் உப்புக்கண்டமும் பலகை ஏறியிருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த மச்சானின் சிநேகிதர்கள் சலாமி பாக்கெட்டோடு வந்தார்கள். அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க கண்டத்துக்கு என்ன குறைச்சலாம்?" என்று கயிற்றிலிருந்து நாலைந்தை உருவினார்.

ஆனால் சலாமி மாதிரி அதை அப்படியே வைக்க முடியாது. நம் கண்டம் உப்பும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த பச்சைக் கறிதான், பொரித்தே ஆகணும். நல்லெண்ணெயில் பொரித்து, லேசாக இடித்து, நார் நாராகப் பிய்த்து, ஆறினபிறகு தனிக் கிண்ணத்தில் வைத்தோம். சூடாக வைத்தால் பக்கத்துச் சலாமியின் கொழுப்பு உருகிவிடும், மிளகாய் எண்ணெய் சீஸில் ஏறிவிடும். முதலில் காலியானது எந்தக் கிண்ணம் என்று நான் சொல்லணுமா?

கொழிஞ்சாம்பாறை மாப்பிள்ளை:

எங்கள் பாலக்காட்டுப் பக்கம் வெயில்தான் வில்லன். மச்சினி வீட்டு விருந்து மார்ச் மாதம், அதுவும் திறந்த மாடியில். 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறைச்சியை வெளியே வைக்கக் கூடாது. அதனால் பெரிய பலகையை விட்டுவிட்டு, ஆளுக்கு 50 கிராம் கணக்கில் சின்னப் பலகைகளாக அடுக்கி, ஒன்று தீரத் தீர அடுத்ததை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தோம். பன்றி, மாடு, கோழி மூன்றுக்கும் தனித்தனிப் பலகை, தனித்தனி இடுக்கி. பல்குச்சியில் பேர் எழுதிக் குத்தியும் வைத்தோம். அப்படியும் பெரியப்பா ஒவ்வொரு பலகையாக நின்று, "இது என்ன கறி மாப்ளே?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினார்.