'சினாரியோ'வுக்குக் 'களத்திணை': ஒரு முன்மொழிவு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மேசையில் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் சிறுபடை ஆட்டத்துக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் 'சினாரியோ' (scenario) இன்னும் தொங்கலில் நிற்கிறது. ('போர் ஆட்டம்' என்பதைச் சேர்த்து எழுதி, மட்டக்களப்பில் சனிக்கிழமை தோறும் ஆறு பேர் 'போராட்டம்' நடத்துவதாக அறிவிக்கவிருந்த பழைய முன்மொழிவு நல்லவேளையாகக் கைவிடப்பட்டது.)

> 'சினாரியோ'வுக்குக் 'காட்சியமைவு' போதாதா?

போதாது, அண்ணா. மேசையில் பச்சைத் துணி விரித்து, அட்டை வீடுகளையும் தென்னைகளையும் நட்டுவிட்டால் காட்சி அமைந்துவிடும். சினாரியோ அதற்குப் பிறகே தொடங்குகிறது. எந்தப் பக்கத்துக்கு எத்தனை படையாள், யார் எந்த ஓரத்தால் நுழைவது, எத்தனை சுற்றுக்குள் முடிப்பது, எதைப் பிடித்தால் வெற்றி என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். 'சூழ்நிலை' இன்னும் மோசம். எதற்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் உதவாது.

நான் முன்வைப்பது 'களத்திணை'. போரை அதன் நோக்கத்தால் வகுத்து, வீரர் சூடும் பூவால் பெயரிடும் வேலையைப் பழந்தமிழ்ப் போர் இலக்கணமான புறத்திணை எப்போதோ செய்து முடித்துவிட்டது. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, அதை மீட்கப் போனால் கரந்தை. மதிலை வளைத்தால் உழிஞை, உள்ளே இருந்து காத்தால் நொச்சி. இரு படையும் நேர்நின்று மோதினால் தும்பை. கவனியுங்கள்: கவர்பவனுக்கு ஒரு பூ, மீட்பவனுக்கு வேறு பூ. நம் விதிநூல்களும் தாக்குபவருக்கும் காப்பவருக்கும் வெற்றிக்கான நிபந்தனையைத் தனித்தனியாகத்தானே எழுதுகின்றன?

கல்லடியில் இதை ஆடியே பார்த்தோம். எங்களுடையவை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுப் பொம்மைகள். ஆள் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் உயரம். ஜேர்மன் படையை எடுக்க ஒருவரும் முன்வராததால், நம் ஊர்க் கொம்பு விளையாட்டின் இரு அணிப் பெயர்களான வடசேரி, தென்சேரி என்பவற்றைப் படைகளுக்குக் கடன் வாங்கிக்கொண்டோம். பசுக்களின் இடத்தில் எரிபொருள் லொறிகள். "இன்று வெட்சி" என்றதுமே என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. லொறிகளை ஓட்டிக்கொண்டு மேசையைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி லொறி மேசையைக் கடந்ததா, ஓரத்திலேயே நின்றதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அளவு நாடாவைப் பிடித்தவர் தென்சேரிக்காரர் என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன். புளியந்தீவுக் கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்ததை உழிஞையாக ஆடினோம். கோட்டையாக நின்றது ஒரு பிஸ்கட் பெட்டி.

இடறியது பிரித்தானியரின் ஹேர்மிஸ் கப்பலில். 1942 ஏப்ரல் 9 அன்று, திருகோணமலைக்குத் திரும்பும் வழியில், நம் மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. கப்பலை எடுத்தவருக்குத் தப்பி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. "ஓடுபவன் எந்தப் பூவைச் சூடுவது?" என்று அவர் கேட்டார். ஆநிரையுமில்லை, மதிலுமில்லை, நேர்நின்று மோதுவதற்கு விமானமுமில்லை. அதற்காக நொச்சியை வலிந்து சூட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. 'தப்பல் களத்திணை' என்று எழுதிவிட்டு ஆடினோம். பூப்பெயர் பொருந்தும் இடத்தில் வரட்டும், பொருந்தாத இடத்தில் வெறும் தமிழ் போதும். பொதுச்சொல் இரண்டையும் தாங்குகிறது.

மறுமொழி:

தம்பி, திணை என்றதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயர்திணையும் அஃறிணையும்தான் நினைவுக்கு வரும். பிளாஸ்ரிக் சிப்பாய் எந்தத் திணை என்று கேட்டால் நீர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் 'காட்சியமைவை' மீளப் பெறுகிறேன். களத்திணையைப் பட்டியலில் ஏற்றலாம். பூப்பெயர்களுக்குப் பக்கத்தில் விளக்கம் ஒரு வரியாவது இருக்கட்டும், எல்லோரும் தமிழ் இலக்கியம் படித்தவர்கள் அல்லர்.

அடுத்தது 'மொரால்' (படையின் மனவுறுதி). 'மறம்' என்று நீர் எழுதப்போவது தெரியும். இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு உடன்பாடில்லை.