புதுப்பிப்பு: அப்பாவின் பட்டாளத்து ஸ்வெட்டர்

அப்பா லடாக்கில் போட்ட கம்பளி ஸ்வெட்டர் நாகர்கோவில் வெயிலில் சும்மா கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வெந்நீரில் சுருக்கிப் பாருங்கள் என்றீர்கள். செய்துவிட்டேன்!

வாஷிங் மெஷினில் 60 டிகிரி, கொஞ்சம் சோப்பு, உரசுவதற்கு இரண்டு பழைய ஜீன்ஸ். முதல் சுற்றில் பின்னல் தெரிந்தது. இரண்டாவதில் அது மறைந்து, துணி கெட்டியாகத் தடித்துவிட்டது. கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் வெட்டினாலும் நூல் பிரியவில்லை.

முதுகுப் பகுதியில் அம்மாவுக்குப் புட்டுக்குடம் இறக்க இரண்டு பிடிதுணி. சூடு கைக்கு ஏறுவதே இல்லை. கைப்பகுதியில் அப்பாவுக்குக் கண்ணாடி உறை. வாங்கியவர் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம், தங்கையின் அக்ரிலிக் (செயற்கை இழை) ஸ்வெட்டரையும் மெஷினில் போட்டுப் பார்த்தேன். அது கெட்டியாகவே இல்லை. கம்பளிதானா என்று லேபிளைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.