புதுப்பிப்பு: தெருக்கூத்துக் காணொளிகளில் தேடுவது எப்படி?

எங்கள் குழுவின் தெருக்கூத்துப் பதிவுகளைக் கோப்புப் பெயரை வைத்து மட்டுமே தேட முடிகிறது, வேறு வழி உண்டா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வழி கிடைத்துவிட்டது!

பேச்சை எழுத்தாக்க, ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட விஸ்பர் (Whisper) என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயன்படுத்துகிறோம். கலைஞர்களின் பேட்டிகளை நன்றாகவே எழுதித் தருகிறது. நேரக்குறிப்பும் இருப்பதால், தேடிய சொல் வரும் நொடிக்கே போய்விடலாம். மத்தளமும் முகவீணையும் முழங்கும் இடங்களில்தான் தொல்லை: யாரும் பேசாத வரிகளைத் தானாகவே எழுதிவைக்கிறது. அதனால் பேச்சுள்ள பகுதிகளை மட்டும் முதலில் பிரித்துக் கொடுக்கிறோம்.

காட்சிகளைத் தேட, படத்தையும் வாசகத்தையும் பொருத்திப் பார்க்கும் கிளிப் (CLIP) என்ற மாதிரியைப் பயன்படுத்துகிறோம். 40 கோடி படங்களையும் அவற்றுக்குரிய வாசகங்களையும் கொண்டு பயிற்றப்பட்டது. தமிழ்க் கேள்வியை ஆங்கிலமாக்கித்தான் கொடுக்க வேண்டும். தீப்பந்தம் ஏந்தியவரைக் கண்டுபிடித்துவிடுகிறது. துரியோதனன் யார், கர்ணன் யார் என்பது அதற்குத் தெரியவில்லை. கிரீடத்தையும் புஜக்கட்டையையும் முகவண்ணத்தையும் பார்த்தே வேடம் சொல்லும் மூத்த கலைஞர்கள்தான் அதைக் குறிக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. அடுத்து அதைத்தான் தொடங்குகிறோம். ஒப்பனை அறிந்தவர்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து எங்களுடன் சேருங்கள்.