அவசரம்: லாபேக் தப்பு விடை தருது, எரர் ஒண்ணும் இல்ல

பாலக்கோட்டான் (காலை 7:40)
வணக்கம். நேத்து ராத்திரியில இருந்து மண்டை காயுது. லாபேக்ங்கற கணித நூலகத்துல சமன்பாடுகளைத் தீர்க்கிற டிஜிஇஎஸ்வி ரொட்டீனைக் கூப்பிடறேன், ஓடுது, எரர் இல்ல, ஆனா விடை தப்பு. சின்னதா ஒண்ணு வெச்சுப் பார்த்தப்ப சரியாதான் வந்துச்சு. சித்தப்பா கடையில நாளைக்கு ஓட்டிக் காட்டணும். யாராச்சும் சொல்லுங்களேன்.

ஓசூர்_ரெண்டாம்_ஷிப்ட்
எந்த மொழி? எந்த ஓஎஸ்? தப்புன்னா எவ்வளவு தப்பு? உள்ள குடுத்த எண், வெளிய வந்த எண் ரெண்டையும் போடு தம்பி. எனக்கு ஜோசியம் தெரியாது.

மாங்கூழ்
64 பிட் முழு எண் பிரச்சனைதான், கண்ணை மூடிட்டுச் சொல்றேன். ஜூலியா மொழியில எனக்கு இதேதான் ஆச்சு. அதோட வர்ற ஓபன்பிளாஸ் (லாபேக்கும் அடங்கின நூலகம்) 64 பிட் எண்ணை எதிர்பார்க்கும், ரொட்டீன் பேருக்குப் பின்னாலயே 64னு ஒட்டியிருக்கும். நீ 32 பிட் ஐபிஐவி (வரிசைகளை இடம் மாத்தினதைக் குறிச்சு வெக்கற பட்டியல்) குடுத்தா பக்கத்து நினைவகத்துலயும் சேர்த்து எழுதிட்டுப் போயிடும்.

ஃபோர்ட்ரான்_தாத்தா
லாபேக் 1992ல வந்தது. அன்னிலேர்ந்து உலகமே தட்டிப் பார்த்த சரக்கு. தப்பு அதுல இல்ல, கூப்பிடறவங்ககிட்ட. கையேட்டுல முதல் பக்கம்கூடப் புரட்டாம "அவசரம்"னு தலைப்பு வெக்கறது இப்ப பழக்கமாயிடுச்சு.

ஓசூர்_ரெண்டாம்_ஷிப்ட்
வந்துட்டாரு. பையன் எண்ணைப் போடட்டும், இருங்க.

பாலக்கோட்டான் (காலை 9:15)
மன்னிச்சுக்கோங்க, கடையில கூட்டம். ரஸ்ட் மொழி, உபுண்டு, ஓபன்பிளாஸ்.
சித்தப்பா உரக்கடைக்குத்தான் எழுதறேன். மண் ஆய்வு அட்டையில இருக்கிற தழை, மணி, சாம்பல் கிலோவைக் குடுத்தா யூரியா, டிஏபி, பொட்டாஷ் எவ்வளவுன்னு சொல்லணும். யூரியாவுல 46% தழைச்சத்து, டிஏபியில 18 தழை 46 மணி, பொட்டாஷ்ல 60 சாம்பல். அணியை வரிசை வரிசையா வெக்டார்ல போட்டிருக்கேன்:
0.46, 0.18, 0
0, 0.46, 0
0, 0, 0.60
வலது பக்கம் 80, 40, 40. வந்த விடை: யூரியா 173.91, டிஏபி 18.90, பொட்டாஷ் 66.67. இன்ஃபோ 0னுதான் வருது, அதாவது பிழை இல்லன்னு. "பத்தொம்பது கிலோ டிஏபியா? அதுக்கு மூட்டையைப் பிரிச்சு அளந்து குடுக்கணுமாடா?"ன்னு சித்தப்பா சிரிக்கறாரு.
முன்னாடி சோதிச்சது 2, 1 / 1, 3. வலது பக்கம் 3, 4. சரியா 1, 1 வந்துச்சு.

மாங்கூழ்
எதுக்கும் ஐபிஐவியை ஐ64 ஆக்கிப் பாரு.

பாலக்கோட்டான்
பார்த்தேன். கம்பைலே ஆகல, ஐ32தான் வேணுமாம்.

தொப்பூர்_இறக்கம்
ஒரு காகிதம் எடு தம்பி. மணிச்சத்து டிஏபியில மட்டும்தான் இருக்கு. அப்ப டிஏபி 40 ÷ 0.46 = 86.96 கிலோ வந்தாகணும். உனக்கு 18.90 வந்திருக்கு. யூரியாவைப் பாரு, 173.91ங்கறது வெறும் 80 ÷ 0.46. டிஏபியில இருந்து வர்ற தழைச்சத்தை யாருமே கழிக்கல. அந்த 0.18 மணிச்சத்துக் கணக்குல போய் உக்காந்திருக்கு. உன் அணி திரும்பிப் படுத்திருக்கு.

லாபேக் ஃபோர்ட்ரான் வழியில வந்தது, அணியை நெடுக்கு நெடுக்கா படிக்கும். நீ கிடை கிடையா குடுத்திருக்க. 2, 1 / 1, 3 எப்படித் திருப்பினாலும் அதேதான், அதான் சோதனையில மாட்டல. பொட்டாஷுக்கு வேற யாரோடயும் சம்பந்தம் இல்ல, அதனால அது மட்டும் தப்பிச்சுது.

ஓசூர்_ரெண்டாம்_ஷிப்ட்
அதேதான். 0.46, 0, 0, 0.18, 0.46, 0, 0, 0, 0.60 இப்படிப் போடு, முடிஞ்சுது. வெக்டாரை மாத்த மனசு வரலைன்னா அணியைக் காரணிப்படுத்தற டிஜிஇடிஆர்எஃப் கூப்பிட்டுட்டு, அதை வெச்சுத் தீர்வு காணற டிஜிஇடிஆர்எஸ்ல "டி" குடு, திருப்பிப் போட்ட அணிக்கே தீர்வு தரும். லாபேக்கியில (லாபேக்கை சி மொழியிலிருந்து கூப்பிடற இடைமுகம்) கிடைவரிசைன்னு சொல்லவும் ஒரு வழி இருக்கு, ஆனா அது உள்ள ஒரு நகல் எடுத்துத் திருப்பும்.

இன்னொண்ணு. இந்த ரொட்டீன் உள்ள குடுத்த அணி மேலயே எல்யூ காரணிகளை (அணியைப் பிரிச்ச ரெண்டு முக்கோண அணிகளை) எழுதிடும், வலது பக்கத்து மேல விடையை எழுதிடும். ரெண்டாவது விவசாயிக்குக் கணக்கு போடறப்ப ரெண்டையும் புதுசா நிரப்பு. இப்ப இருக்கிற அணி மேல்முக்கோணம் (மூலைவிட்டத்துக்குக் கீழ எல்லாம் பூஜ்யம்), அதனால மேல எழுதினாலும் மாறாது, உனக்குத் தெரியவே தெரியாது. வேற உரம் வந்தா அப்ப கடிக்கும்.

ஃபோர்ட்ரான்_தாத்தா
மூணு உரத்துக்கு லாபேக்! மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதை. கடையில கால்குலேட்டர் இருக்கும்ல? இல்ல, பைத்தான்ல நம்பை நூலகம் போட்டா ஒரே வரி. புது மொழி கத்துக்கிட்டோம்னு காட்ட வேண்டியது, அப்புறம் இங்க வந்து அழ வேண்டியது.

மாங்கூழ்
தாத்தா, நம்பையில அந்த ஒரு வரி உள்ள கூப்பிடறதும் இதே ஜிஇஎஸ்வியைத்தான். நடுவுல யாரோ அணியைத் திருப்பி வெக்கறாங்க, நமக்குத் தெரியல, அவ்வளவுதான். பையன் கதவைத் திறந்து உள்ள போயிட்டான்.

ஃபோர்ட்ரான்_தாத்தா
திறந்து, இடிச்சுக்கிட்டான். நெடுக்குவரிசைதான் முறை. சி காரங்க அதைத் தலைகீழா வெச்சிருக்காங்க.

மாங்கூழ்
ஜூலியா உங்க பக்கம்தான், அதுவும் நெடுக்குதான். 2012ல வந்த மொழி. அதையும் "புது மொழி"ன்னு போன மாசம் திட்டினீங்க.

ஃபோர்ட்ரான்_தாத்தா
முதல் தனிமம் ஒண்ணுல தொடங்கறதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்பைல் ஆகறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்.

தொப்பூர்_இறக்கம்
ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கோங்கப்பா. பாலக்கோட்டான், அங்க தக்காளி இன்னிக்கு என்ன விலை போகுது?

பாலக்கோட்டான் (மதியம் 1:05)
சரியாயிடுச்சுண்ணா. யூரியா 139.89, டிஏபி 86.96, பொட்டாஷ் 66.67. சித்தப்பா காகிதத்துல போட்டுச் சரிபார்த்துட்டாரு. ரொம்ப நன்றி, லோடு இறக்கணும், போறேன்.

ஓசூர்_ரெண்டாம்_ஷிப்ட்
நல்லது. அப்புறம் கடையில 17-17-17 (மூணு சத்தும் 17% இருக்கிற கலப்பு உரம்) இருக்கும்ல? அதையும் சேர்த்தா நாலு தெரியாதது, மூணு சமன்பாடு, டிஜிஇஎஸ்விக்கு சதுர அணிதான் வேணும். டிஜிஇஎல்எஸ்னு ஒண்ணு விடை தரும், ஆனா "யூரியா கழித்தல் 12 கிலோ"ன்னுகூடச் சொல்லும். பூஜ்யத்துக்குக் கீழ போகக்கூடாது, செலவும் குறையணும்னா அது நேரியல் திட்டமிடல், வேற கருவி. எப்படிச் செய்யப் போற?

ஓசூர்_ரெண்டாம்_ஷிப்ட் (மறுநாள்)
தம்பி?

தொப்பூர்_இறக்கம்
தக்காளி விலையும் சொல்லாமப் போயிட்டான்.